மூன்றாம் தண்ணீர்

வடக்குக் காற்றுக்கு இன்று ஐந்தாம் நாள்.
சாக்கோ சமவெளியின் புழுதிக்கெல்லாம்
என் வீட்டு விலாசம் மட்டும்தான் தெரியும் போல.
பெருக்கி முடித்துத் திரும்பினால்
பெருக்காத தரை.

ஆண்டவரே,
எங்களை எதிலிருந்து பிசைந்தீர் என்பது தெரியும்.
அதை நினைவூட்ட
இத்தனை முறம் தேவையில்லை.

மழைத்தொட்டிக் கயிற்றில் பதினோரு முடிச்சு.
இன்று ஒன்பதாவது கையைத் தாண்டிய பிறகுதான்
வாளி தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்டது.
அதனால் என் வீட்டில்
முதல் தண்ணீர் தட்டுகளுக்கு,
இரண்டாம் தண்ணீர் தரைக்கு,
மூன்றாம் தண்ணீர் மாண்டரின் மரத்துக்கு.
மரம் இதுவரை குறை சொன்னதில்லை.

பெண்கள் கூட்டத்தில்
போதகரின் மனைவி சொன்னார்:
கழுவும் ஒவ்வொரு தட்டும் ஒரு ஜெபம், அகனேத்தா.
முயன்று பார்த்தேன்.
நான்காவது தட்டில் பால்விலை வந்துவிட்டது.
ஏழாவதில் மாமியார்.
பன்னிரண்டாவது கைதவறி உடைந்தபோது
வாயிலிருந்து வந்ததை
ஜெபக் கணக்கில் எழுத முடியாது.

வருடத்துக்கு இருமுறை
சபையில் ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவுகிறோம்.
எல்லோரும்
வீட்டிலேயே கழுவிக்கொண்டுதான் வருகிறோம்.
நகம் வெட்டி, இடுக்குத் தேய்த்து, சோப்பு மணக்க.
போன முறை எனக்கு வாய்த்தவை
ஹெலேனா டீஸனின் பாதங்கள்,
மாவு சலித்தது போல வெள்ளை.
அரை நிமிடம். ஒரு துண்டு. ஒரு முத்தம்.
அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.
ஆனால் திங்கட்கிழமைக் காலுறைகளை
அங்கே யாரும் கொண்டுவருவதில்லை.

திங்கட்கிழமை என்னிடம் வருபவை
ஆறு பேருடையவை.
யுஸ்தினாவுடையதில் தெரெரே கொட்டிய பச்சைக் கறை.
பேட்டருடையதில் எப்போதும் ஒன்று குறையும்.
கொர்னேலியுஸுடையதில் தொழுவமே குடியிருக்கும்,
மாடு மட்டும்தான் பாக்கி.
ஒவ்வொன்றாக உள்ளே கைவிட்டு
வெளிப்புறம் புரட்ட வேண்டும்.
இருபது வருடமாக இதைக் கண்மூடிச் செய்கிறேன்.

இன்று கொர்னேலியுஸின் வலது காலுறைக்குள்
என் கை குதிகால் வரை போய்
நின்றுவிட்டது.
விறைத்த துணி.
புரட்டினேன்.
காசளவு ரத்தம்.
அதைச் சுற்றிப் பழைய ரத்தம், பழுப்பாக.

மூன்று நாளாக அவர் நொண்டுகிறார்.
காற்றோடு மல்லுக்கட்டி நடக்கிறார் என்று
நினைத்திருந்தேன்.
கேட்கவில்லை.
தரை பெருக்கிக்கொண்டிருந்தேன்.

இரவுச் சாப்பாடு முடிந்து
பிள்ளைகள் படுத்த பின்
வெந்நீர்ப் பாத்திரத்தை அவர் முன் வைத்தேன்.
"இது சபை இல்லையே" என்றார், கூச்சத்தோடு.
காலைக் கொடுங்கள் என்றேன்.

அந்தக் கால் கழுவிக்கொண்டு வந்த கால் இல்லை.
விரலிடுக்கில் சாணம்.
நகத்தில் கறுப்பு நிலா.
குதிகாலில் அல்கரோபோ முள்,
முக்கால் அங்குலம், முனை முறிந்து.
ஊசியைச் சுட்டு எடுத்தேன்.
அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு
பசுக்களைப் பற்றிப் பேசினார்,
சினையானது எது, கறவை வற்றியது எது என்று.
நான் ம், ம் என்றேன்.
அப்போது ஒரு வசனமும் நினைவுக்கு வரவில்லை.
வராததைக்கூட
பிறகுதான் கவனித்தேன்.

பாத்திரத்தில் கலங்கிய நீர்.
முதலா, இரண்டாமா, மூன்றாமா,
எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.
இருட்டில் வெறுங்காலோடு சுமந்து போய்
மாண்டரின் மரத்தடியில் ஊற்றினேன்.
கணுக்கால் வரை தெறித்தது.
காற்று அப்படியேதான் இருந்தது.
மேலே நட்சத்திரங்களையும் புழுதி மூடியிருந்தது.
நீர் அங்கேதான் இருந்தீரா
என்று கேட்கத் தோன்றியது.
கேட்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால்
கதவிலிருந்து அடுப்படி வரை
என் ஈரக்கால் தடங்கள்,
துடைத்த தரையில் சேறாக.
துடைப்பத்தை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

விளக்கை அணைத்தேன்.
காலை வரை கிடக்கட்டும்.